பதினைந்தில் ஒன்று எங்கே இருக்கிறது?

ஒரு கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு கிரவுண்டு மனை. தெருப்பக்கம் 40 அடி, உள்வாக்கில் 60 அடி, ஆக 2,400 சதுர அடி. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி வீடு கட்டியவர் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு ஆறில் ஒன்று, அதாவது 400 சதுர அடி. சில வருடங்களில் தாயாரும் காலமாகிறார். பங்கு ஐந்தில் ஒன்றாகிறது, 480. பிறகு நடுமகன் போய்ச்சேர, அவர் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பதினைந்தில் ஒன்று, 160 சதுர அடி.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 160 சதுர அடி வீட்டின் எந்த மூலையில் இருக்கிறது? கூடத்திலா, கிணற்றடியிலா, மொட்டை மாடியிலா? ஐந்து கிளைகளுக்கும் தெரு முகப்பு வேண்டுமென்று நீளவாக்கில் கோடு கிழித்தால் ஆளுக்கு எட்டடி அகலம். அந்த எட்டடியில் மாடிப்படி வைத்தால் கதவு வைக்க இடமில்லை.

கூட்டுச் சொத்துத் தகராறு என்றதும் யாருக்கு எத்தனை பங்கு என்பதில்தான் எல்லோருக்கும் கவனம். அது சுலபமான பாதி. வாரிசுச் சான்றிதழையும் தாய்ப்பத்திரத்தையும் கையில் கொடுத்தால் நல்ல வழக்கறிஞர் அரைமணியில் பின்னத்தைச் சொல்லிவிடுவார். அந்தப் பின்னம் மண்ணில் இறங்குகிற இடத்தில்தான் குடும்பங்கள் இருபது, முப்பது வருடம் சிக்கிக்கொள்கின்றன. நம் சட்டத்தில் இருக்கிற வழிகள் ஒவ்வொன்றையும் இந்தத் தூரத்தை எப்படிக் கடக்கிறது என்று கேட்டு எடைபோடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பிரிக்கும்வரை சொத்தின் ஒவ்வோர் அங்குலத்திலும் ஒவ்வொரு பங்காளிக்கும் பங்கு உண்டு என்பது அடிப்படை. அண்ணன் கீழே, தம்பி மாடியில் என்று முப்பது வருடமாக இருந்தாலும் அது வசதிக்கான ஏற்பாடு. அதனாலேயே பாகப்பிரிவினை ஆகிவிடாது. ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்குமான அனுபவமாகவே கருதப்படும். ஆகவே, ‘அவள் கல்யாணமாகிப் போய் நாற்பது வருஷமாச்சு, வீட்டு வரி முழுக்க நான்தான் கட்டினேன்’ என்ற வாதம் உணர்ச்சியில் கனமானது, சட்டத்தில் மெலிந்தது. உச்ச நீதிமன்றம் 1956இலேயே தெளிவாக்கிவிட்டது: பங்காளிக்கு எதிராகப் பாதக அனுபவம் கோருபவர், அவருடைய உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது அவருக்குத் தெரியும்படி அவரை விலக்கி வைத்திருந்ததைக் காட்ட வேண்டும். அந்த விலக்கலுக்குப் பின்பே 12 வருடக் கணக்கு ஓடத் தொடங்கும். சும்மா குடியிருப்பதும் வரி கட்டுவதும் போதாது.

பட்டாவும் அப்படித்தான். கிராமங்களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர் திட்டத்தின் சமயத்தில் மூத்தவர் பெயரில் மட்டும் ஏறிய பட்டாவை வைத்துக்கொண்டு ‘நிலம் எனக்கே’ என்பவர்கள் இன்றும் ஏராளம். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. உரிமையைத் தீர்மானிக்கும் இடம் உரிமையியல் நீதிமன்றம். தாசில்தாரிடம் கூட்டுப் பட்டா கேட்டு மனுப் போடலாம், தவறில்லை. ஆனால் உடன்பிறந்தவர் ஆட்சேபித்தால், உரிமைத் தகராறு என்று சொல்லி தாசில்தார் கோர்ட்டுக்குத்தான் கைகாட்டுவார்.

பேசித் தீர்ப்பவர்களுக்கு மூன்று பத்திரங்கள் இருக்கின்றன. எல்லோரும் ஆளுக்கொரு பாகம் எடுத்துக்கொண்டால் பாகப்பிரிவினை. ஒருவர் பணம் வாங்கிக்கொண்டோ வாங்காமலோ தன் பங்கைப் பங்காளிக்கு விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம். பிரியத்தில் எழுதிக்கொடுத்தால் தான செட்டில்மென்ட். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் நடக்கும் இவற்றுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த வரம்பை 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆகவும், பதிவுக் கட்டண வரம்பை 4,000லிருந்து 10,000 ஆகவும் உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும், கோடி ரூபாய் வீட்டை வழக்கில்லாமல் பிரிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. இந்த வழியில் பின்னத்தை மண்ணில் இறக்குகிறவர்கள் பங்காளிகளே. தென்னை மரம் யாருக்கு, மாடிப்படி யாருக்கு என்று ‘அ’ அட்டவணை, ‘ஆ’ அட்டவணையாக எழுதி, வரைபடத்தில் வண்ணம் தீட்டி, கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

செலவைப் பார்த்துப் பத்திரம் பதியாதவர்கள் கூர்ச்சீட்டு எழுதி வைத்தார்கள். இதில் ஒரு வேடிக்கையான, பல குடும்பங்களுக்கு வினையாக முடிந்த விஷயம் உண்டு. ஒரு கூர்ச்சீட்டு செல்லுமா என்பதை அதில் உள்ள வினைமுற்றின் காலம் தீர்மானித்துவிடக்கூடும்! ‘முன்னரே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு அனுபவித்து வருகிறோம், ஞாபகார்த்தமாக இதை எழுதிக்கொண்டோம்’ என்றிருந்தால் அது நடந்து முடிந்ததன் குறிப்பு, பதிவு கட்டாயமில்லை. ‘இன்று முதல் இன்னின்னபடி பிரித்துக்கொள்கிறோம்’ என்றிருந்தால் அந்தத் தாளே பாகப்பிரிவினையைச் செய்கிறது. பதியாவிட்டால் உரிமைக்குச் சான்றாகாது. குடும்ப ஏற்பாடுகளைப் பற்றி 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து இந்த வேறுபாடு உறுதியாக நிற்கிறது. திண்ணையில் உட்கார்ந்து எழுதிய ஊர்ப் பெரியவருக்கு இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் இவ்வளவு விலை என்று யார் சொல்லியிருப்பார்கள்? முத்திரைத்தாளும் இல்லையென்றால் தீர்வையையும் அபராதத்தையும் கட்டும்வரை வேறெந்த நோக்கத்துக்கும் அதைக் கோர்ட்டில் காட்ட முடியாது.

மகள்களின் பங்கு விஷயத்தில் இந்த வாய்மொழிப் பிரிவினை இன்னும் பலவீனமாகிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே கொடுத்தது, அன்றைக்குத் திருமணமாகாத பெண்களுக்கு மட்டும். மத்தியத் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் அந்தத் தடையையும் நீக்கியது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்தது: இருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் தீர்ப்பாணையாலோ பிரித்திருந்தால் மகள் அதைத் தொட முடியாது. ‘அப்போதே வாயால் பிரித்துவிட்டோம்’ என்று அண்ணன்மார் சொன்னால், பொது ஆவணங்கள் அதை உறுதிசெய்கிற அரிய நேர்வுகள் தவிர, அது எடுபடாது.

இதே 2005 திருத்தம் அதிகம் பேசப்படாத இன்னொன்றையும் செய்தது. அதுவரை குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண் வாரிசு பங்கு உள்ளவள்தான். ஆனால் ஆண்கள் பிரிக்க முன்வரும்வரை அவள் பிரிவினை கேட்க முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அப்படி நிறுத்தி வைத்திருந்தது. அவளுக்குப் பின்னம் இருந்தது, மண்ணைக் கேட்கும் வாய் இல்லை. அந்தப் பிரிவு போய்விட்டது. நம் கணக்கு வீட்டின் இரண்டு மகள்களும் இன்று தாங்களாகவே வாதிகளாகலாம்.

வழக்குப் போடத் தெம்பில்லாத பங்காளி செய்வது விற்பனை. பிரிபடாத பங்கை யாருடைய சம்மதமும் இல்லாமல் அன்னியருக்கு விற்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நகரங்களில் இப்படிப் பங்குகளைச் சல்லிசாக வாங்கி, மற்றவர்களை நெருக்கி, முழு மனையையும் வளைக்கிற தொழில் ஒன்றே நடக்கிறது. அவர்கள் வாங்குவது மண்ணை விட மற்றவர்களின் களைப்பைத்தான் என்று தோன்றும். ஆனால் சட்டம் இங்கே கொஞ்சம் யோசித்திருக்கிறது. பிரிபடாத குடும்பம் வாழும் வீட்டில் பங்கு வாங்கிய அன்னியர் உள்ளே வந்து கூடக் குடியிருக்க முடியாது. பிரிவினை வழக்குத்தான் போட வேண்டும். போட்டால், 1893ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குடும்பத்தில் ஒருவர் ‘அந்தப் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லலாம். விலையைக் கோர்ட் நிர்ணயிக்கும். விற்பதற்கு முன்பேகூட, சேர்ந்து சொத்தை அடைந்த முதல்நிலை வாரிசுகளுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் 22ஆம் பிரிவு முன்னுரிமை தருகிறது. விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிக்கல் என்னவென்றால், விற்கப்போகிறேன் என்று எவரும் தம்பட்டம் அடிப்பதில்லை. விற்ற பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

யாழ்ப்பாணத்தில் இந்த எண்ணம் இன்னும் ஆழமாக வேரோடியது. தேசவழமைச் சட்டம் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமையைக் கொடுக்கிறது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு நடைமுறை வகுத்தது. நிலம் அன்னியர் கைக்குப் போகும் முன் உள்ளே இருப்பவரிடம் கேள் என்பது அங்கே குடும்பப் பழக்கமாக மட்டும் நிற்காமல் நிலச் சட்டத்தின் பகுதியாகவே ஆகியிருக்கிறது.

இனி, வழக்கு. பாகப்பிரிவினை வழக்கில் எல்லாப் பங்காளிகளும் தரப்பினராக வேண்டும். பொதுவில் உள்ள எல்லாச் சொத்தும் உள்ளே வர வேண்டும். ஊரில் உள்ள காட்டை விட்டுவிட்டு டவுன் வீட்டை மட்டும் பிரித்துக் கொடு என்றால் பகுதிப் பிரிவினை என்ற ஆட்சேபணை வரும். கோர்ட் கட்டணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, வாதி கூட்டு அனுபவத்தில் இருந்தால் சிறு தொகை ஒன்றைக் கட்டினால் போதும். வெளியே தள்ளப்பட்டவர் என்றால் தன் பங்கின் சந்தை மதிப்பில் கட்ட வேண்டும். அந்த விகிதம் 2017இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைந்தது. குறைந்தாலும் ஒரு கோடிப் பங்குக்கு மூன்று லட்சம். ஆகவே, இருபது வருடமாகப் பெங்களூரில் குடியிருப்பவரின் பிராதும்கூட ‘தாவாச் சொத்தில் கூட்டு அனுபவத்தில் இருந்து வருகிறேன்’ என்றே தொடங்கும். பொய் என்று சிரிக்க வேண்டாம். பங்காளி ஒருவரின் அனுபவம் எல்லோருடையது என்ற கொள்கை அதற்குத் துணை நிற்கிறது.

வழக்கு இரண்டு படிகளில் நடக்கிறது. முதலில் பின்னங்களை அறிவிக்கும் முதல்நிலைத் தீர்ப்பாணை. பிறகு மண்ணைப் பிரிக்கும் இறுதித் தீர்ப்பாணை. நம் முறையின் பெரிய குறை இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளம். முதல்நிலைத் தீர்ப்பாணை கிடைத்ததும் வாதி ஜெயித்துவிட்டதாக ஊரில் சொல்லிக்கொள்வார், இனிப்புக்கூடக் கொடுப்பார். கையில் இருப்பது ‘ஐந்தில் ஒன்று’ என்ற காகிதம்தான். அதன்மேல் முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு எல்லாம் நடந்து முடிந்த பிறகு, இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனுப் போட வேண்டும் என்பதே நெடுநாள் பழக்கம். நடுவில் ஒருவர் இறந்தால் அவர் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும், பங்கு மாறும். சட்டம் மாறினாலும் மாறும்: 2005 திருத்தத்தால் முதல்நிலைத் தீர்ப்பாணையையே திருத்தி மகள்களுக்குச் சமபங்கு தரலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இறுதித் தீர்ப்பாணை கேட்பதற்குக் காலவரம்பு இல்லை என்பதும் தீர்ப்புகளால் உறுதியாகிவிட்டது. வழக்கு உயிரோடுதான் இருக்கும், சாகாது. ஆறுதலா அச்சமா என்று அவரவர் முடிவுசெய்துகொள்ளலாம். கடைசியாக 2022இல், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் பொறுமை இழந்து சொன்னது: முதல்நிலைத் தீர்ப்பாணை கொடுத்துவிட்டு வழக்கைக் கிடப்பில் போடக்கூடாது, தனி மனுவுக்குக் காத்திராமல் விசாரணை நீதிமன்றமே அடுத்த கட்டத்துக்குத் தேதி போட வேண்டும்.

இலங்கையின் 1977ஆம் ஆண்டு 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. அங்கே பங்கு விசாரணைக்கு முன்பே நில அளவையாளர் இறங்கி அளந்து, யார் எதை உரிமை கோருகிறார், எந்த மரம், எந்தக் கட்டடம் யாருடையது என்று அறிக்கை கொடுக்கிறார். வழக்கு இருப்பதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். இறுதியில் வரும் தீர்ப்பு வழக்கில் சேராதவர்களையும் சேர்த்து உலகையே கட்டுப்படுத்தும் தன்மை உள்ளது; நம் தீர்ப்பாணை தரப்பினரை மட்டும். அங்கும் பிரிவிடல் வழக்குகள் தலைமுறை கடந்து இழுபடுவதற்குப் பேர்போனவை, எனவே அதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஆனால் மண்ணை முதலில் பார்ப்பது என்ற அந்த வரிசை எனக்கு அறிவார்ந்ததாகப் படுகிறது. இங்கேயும் வழக்கின் தொடக்கத்திலேயே கமிஷனரை அனுப்பி வரைபடம் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கேட்கிற வக்கீல்கள் குறைவு.

இறுதிக் கட்டத்தில் வழக்கறிஞர் கமிஷனர் ஒருவர் சர்வேயருடன் வருவார். தீர்வை செலுத்தும் நிலமாக இருந்தால் கலெக்டரோ அவருக்குக் கீழுள்ள அதிகாரியோ பிரிப்பார். கட்டடம் கட்டியவர் பக்கம் கட்டடம் விழும்படி, கிணறு தோண்டியவருக்குக் கிணறு சேரும்படி பார்ப்பது வழக்கம். ஒருவருக்கு மதிப்புக் கூடினால் அவர் மற்றவருக்கு ஈடாகப் பணம் தர வேண்டும். அனுமதி கேட்காமல் பொது மனையில் வீடு கட்டியவர் இந்தச் சலுகையை நம்பித்தான் கட்டுகிறார். அது நியாயம் கருதிச் செய்யப்படுவது. உரிமையென்று வற்புறுத்த முடியாது.

பிரிக்கவே முடியாத சொத்துக்கு மேலே சொன்ன 1893ஆம் ஆண்டுச் சட்டமே கதி. பிரித்தால் யாருக்கும் பயன்படாது, விற்றுப் பணமாகக் கொடுப்பதே மேல் என்று தெரிந்தால், பாதிக்குக் குறையாத பங்கு வைத்திருப்பவர்கள் கேட்க, கோர்ட் விற்பனைக்கு உத்தரவிடலாம். அது 2ஆம் பிரிவு. அப்படிக் கேட்டதும் மற்ற பங்காளிகள் ‘அவர் பங்கை மதிப்பீட்டு விலைக்கு நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ எனலாம். அது 3ஆம் பிரிவு. இதில் ஒரு பொறி உள்ளது. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், விற்கச் சொல்லிக் கேட்ட வாதி, எதிர்த்தரப்பு 3ஆம் பிரிவைக் கையில் எடுத்ததும் வழக்கையே வாபஸ் வாங்கப் பார்த்தார். முடியாது என்றது உச்ச நீதிமன்றம், 1972இல். மற்றவரை வெளியேற்ற நினைத்து 2ஆம் பிரிவைத் தொடுபவர் தானே வெளியேற நேரலாம். நம் கணக்கு வீட்டில் ஐந்தில் ஒன்று வைத்திருக்கும் எவரும் தனியாக இதைக் கேட்க முடியாது. குறைந்தது மூன்று கிளைகள் ஒன்றுசேர வேண்டும். ஒன்றுசேரத் தெரிந்தவர்கள் கோர்ட்டுக்கு வந்திருப்பார்களா என்பது வேறு கேள்வி.

எல்லாம் முடிந்து இறுதித் தீர்ப்பாணை வந்தபின்னும் ஒரு படி பாக்கி. முத்திரைச் சட்டத்தின் பார்வையில் அந்தத் தீர்ப்பாணையும் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரமே. முத்திரைத்தாள் வாங்கிக் கொடுத்து அதில் எழுதி வாங்க வேண்டும். ‘தாள் கொடுக்கும்வரை காலம் ஓடாது’ என்று நம்பிய ஒரு தமிழ்நாட்டுக் குடும்பத்தின் கதை 2001இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இறுதித் தீர்ப்பாணை 1970இல் வந்தது. நிறைவேற்ற மனுப் போட்டது 1984இல். நிறைவேற்றும் கெடு 12 வருடம். அது தீர்ப்பாணைத் தேதியிலிருந்தே ஓடும், கதவு மூடிவிட்டது என்று தீர்ப்பானது. இறுதித் தீர்ப்பாணைவரை காலவரம்பே இல்லாத பாதையில் கடைசி முழத்தில் ஒரு சுவர்.

அதனால்தான் நடுவில் எங்காவது சமரசத்துக்கு ஒதுங்குவது புத்திசாலித்தனம். இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் தொடங்கியது. லோக் அதாலத்தில் முடித்தால் அந்த முடிவு தீர்ப்பாணைக்குச் சமம், கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடும் இல்லை. சமரச மேஜையில் நீதிபதிக்கு இல்லாத ஒரு சுதந்திரம் இருக்கிறது. அங்கே பின்னத்தைக் கொஞ்சம் வளைக்கலாம். தாயாரைக் கடைசிவரை பார்த்த மகளுக்குத் தெருப்பக்கம், வெளிநாட்டில் இருப்பவருக்குப் பணம், ஜோசியப்படி கிழக்கு வாசல் வேண்டுபவருக்குக் கிழக்கு வாசல். சட்டப் புத்தகத்தில் இவற்றுக்கெல்லாம் பிரிவு எண் கிடையாது. சிறுவர்களின் பங்கு உள்ளே இருந்தால் மட்டும் அவசரம் கூடாது. நீதிமன்ற அனுமதியில்லாமல் எழுதிய பத்திரத்தை அவர்கள் வயது வந்தபின் எதிர்க்கலாம்.

அடுக்குமாடி வேறு உலகம். அங்கே பிரிபடாத பங்கு பிரிபடாததாகவே இருப்பதற்காகப் பிறந்தது; பிரிவினை கேட்க வழியில்லை. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட ஒருவர் மறுத்தாலும் நின்றுபோன நிலையை 2022ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மாற்றியது. 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். அண்டை அயலார் மூன்றில் இரண்டு பேர் சேர்ந்து செய்ய முடிகிற ஒன்றை, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஐந்தில் நால்வர் சேர்ந்தும் வழக்கில்லாமல் செய்ய முடிவதில்லை.

கொங்கு நாட்டுப் பத்திரங்களைப் புரட்டினால், கிணறும் தடமும் எப்போதும் தனி வரியாக வரும்: கிணற்றில் ஆறில் ஒரு பாகம், மோட்டார் பம்ப்செட்டில் அதே பாகம், ஆள் கால்நடை வண்டி போய்வர மாமூல் தடப் பாத்தியம். நிலத்தைக் கல் நட்டுப் பிரித்தவர்கள் கிணற்றைப் பிரிக்க முயலவில்லை. முறை வைத்துக்கொண்டார்கள், வாரத்தில் இன்ன நாள் இன்னார் தண்ணீர் பாய்ச்சுவது என்று. மின்சாரம் வரும் நேரம் மாறினால் முறையும் மாறும். பாகப்பிரிவினையில் தடத்தை எழுத மறந்தவர்களுக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு உதவுகிறது: ஒரு பாகத்தை அனுபவிக்க இன்னொரு பாகத்தின் வழியாகப் போயே ஆக வேண்டுமென்றால், எழுதாவிட்டாலும் அந்த வழி உண்டு. பேரன்கள் காலத்தில் முன்சீப் கோர்ட்டில் தாக்கலாகும் தடத்து வழக்குகளில் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.